சுண்ணாம்புக் கப்பலும் நாலாவது பின்னும்

தர ஆய்வுப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களோடு பேசச் சொல்லி என்னைக் கூப்பிட்டார்கள், வந்தேன். பேசி முடித்து டீ குடிக்கும்போது உங்களில் ஒரு பெண் கேட்டாள்: "மேடம், உங்க சர்வீஸ்ல பிரஷர்ல எடுத்த கரெக்டான டிசிஷன் ஒண்ணு சொல்லுங்களேன்." காட்டாங்குளத்தூரில் படித்துவிட்டு நேராக வேலைக்கு வந்த பெண். நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு பேனாவோடு நின்றாள். எனக்குச் சட்டென்று ஒன்றும் தோன்றவில்லை. "யோசிச்சு எழுதி அனுப்புறேன்மா" என்று சொல்லித் தப்பித்து வந்துவிட்டேன்.

வந்து யோசித்தேன். சரியான முடிவுகள் இல்லாமல் இல்லை. ஆனால் அவற்றில் சொல்ல என்ன இருக்கிறது? பார்த்தேன், சரியாக இருந்தது, கையெழுத்துப் போட்டேன், தாம்பரத்தில் பஸ் பிடித்து வீட்டுக்குப் போனேன். இத்தனை வருடம் கழித்தும் மண்டையைக் குடைவது வேறு ஒன்று. அது சரியா தப்பா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அதைத்தான் எழுதப் போகிறேன். படித்துவிட்டு, இந்தம்மா எப்படி முப்பது வருடம் இன்ஸ்பெக்டராகக் காலம் தள்ளினார் என்று நீங்கள் நினைக்கலாம். தாராளமாக நினையுங்கள்.

தொண்ணூறுகளின் தொடக்கம். எங்கள் நிறுவனம் ஒரு ஹெலிகாப்டர் செய்திருந்தது. எடை குறைவான ஹெலிகாப்டர். கப்பலின் பின்தளத்தில் இறங்கி ஏற வேண்டும், கடலுக்கடியில் ஒளிந்திருக்கிற நீர்மூழ்கியைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும், அதுதான் அதன் வேலை. ஒன்றே ஒன்றுதான் செய்திருந்தோம், மாதிரிக்கு. அப்படியொன்றை எங்களில் யாரும் அதற்கு முன் செய்ததில்லை. அதனால் எதைக் கேட்டாலும் எல்லோரிடமும் ஓர் அபிப்பிராயம் இருந்தது, யாரிடமும் நிச்சயம் இல்லை.

கப்பலில் இடம் கொஞ்சம். ஹெலிகாப்டரை நிறுத்துகிற அறை நம் வீட்டுப் பூஜை அறை மாதிரி, உள்ளே போனால் திரும்ப முடியாது. அதனால் மேலே சுற்றுகிற நான்கு பிளேடுகளையும் பின்பக்கமாக மடித்து வைக்க வேண்டும். பறக்கும் முன் மறுபடி விரிக்க வேண்டும். விரித்த பிளேடு மடங்கிவிடாமல் பிடித்துக்கொள்வது கட்டைவிரல் தடிமனில் ஓர் இரும்புப் பின். பிளேடுக்கு ஒன்றாக நாலு. பிளேடை நேராகக் கொண்டுவந்தால் மேலேயிருந்து பின் 'டக்'கென்று ஓட்டைக்குள் இறங்கும். இறங்கவில்லை என்றால், சுற்றும்போது அந்தப் பிளேடு என்ன செய்யும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. உள்ளே பைலட் உட்கார்ந்திருக்கிறார், சுற்றி நாங்கள் நிற்கிறோம். இப்போதெல்லாம் பின் இறங்கியதும் உங்களுக்குப் பச்சை விளக்கு எரிகிறது. எங்களுக்கு ஏழுமலையின் குரல்தான் விளக்கு.

ஏழுமலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கோவளம் பக்கம் மீன்பிடிக் குப்பத்தில் பிறந்தவர். கடலுக்குப் போகப் பிடிக்காமல் இந்தப் பக்கம் வந்து, இரும்புலியூரில் மாமனார் வீட்டோடு இருந்தார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். ஆறு வருடமாகத் தினக்கூலி. ஆனால் அந்தப் பிளேடுகளை அவரைப்போல் விரிக்க இன்ஜினீயர்களுக்கே வராது. ஏணியில் நின்று பிளேடின் வேரில் கையை வைத்து, கண்ணை மூடிக்கொள்வார். பின் இறங்குகிற அதிர்வு கையில் தெரியுமாம். அந்த வருடம் தினக்கூலி ஆட்களில் கொஞ்சம் பேரை நிரந்தரமாக்கப் பட்டியல் தயாராகிக்கொண்டிருந்தது. அதில் அவர் பெயர் இருந்தது.

"பர்மனன்ட் ஆச்சுன்னா கோட்ரஸ் குடுப்பாங்க மேடம்" என்று வாரத்துக்கு இரண்டு தரமாவது சொல்லிவிடுவார். "மாமனார் வூட்ல கீறவன் கஷ்டம் உங்களுக்குத் தெரியாது. கொழம்புல இன்னொரு துண்டு மீன் வேணும்னு கேட்டாகூட, அந்த மனுசன் என் மூஞ்சியப் பாக்குறாரு. என் பொண்ணுக்கு எட்டு வயசு ஆவுது. 'அப்பா, நம்ம வூடு எது?'ன்னு கேக்குது. இன்னா சொல்றது?"

இதைத்தான் நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். ஹெலிகாப்டர் பெரிய விஷயம்தான். ஆனால் அந்தப் பட்டியலில் இருந்த பெயர்தான் இந்தக் கதை.

நாங்கள் வேலை செய்தது தாம்பரத்துக்கு அந்தப் பக்கம், யாரும் பயன்படுத்தாத ஒரு பழைய ஓடுதளத்தில். கப்பலுக்குக் கொண்டுபோகும் முன் தரையில் பழகிப் பார்க்க வேண்டும் அல்லவா? அதற்காகக் கப்பலின் பின்தளத்தை அளவு மாறாமல் சிமென்ட் தரையில் வரைந்திருந்தோம். பெயின்ட் கேட்டு எழுதிய கடிதத்துக்குப் பதில் வரவில்லை. அதனால் சுண்ணாம்பு. கபடிக்குக் கோடு போடுகிற மாதிரி சுண்ணாம்பில் ஒரு கப்பல். சிரிக்காதீர்கள், அதில்தான் அத்தனை ஒத்திகையும் நடந்தது. கோட்டுக்கு வெளியே காலை வைத்தால் "கடல்ல விழுந்துட்டீங்க" என்று சீஃப் கத்துவார். சீஃப் என்றால் திட்டத்தின் தலைவர். நல்ல மூளை, கெட்ட தொண்டை.

ஏழுமலைக்கு அந்தக் கப்பலைப் பார்த்தாலே சிரிப்புத் தாங்காது. "இதுல ஏறுனா வாந்தி வராது மேடம். அது ஒண்ணுதான் லாபம்" என்பார்.

இப்போது வார்த்தை விஷயத்துக்கு வருகிறேன். விதிமுறை அட்டையில் எல்லாம் ஆங்கிலத்தில் இருந்தது. ஒவ்வொரு பின் இறங்கியதும் ஏணியில் இருப்பவர் 'லாக்டு' என்று குரல் கொடுக்க வேண்டும், கீழே இருக்கும் இன்ஸ்பெக்டர் அட்டையில் டிக் செய்ய வேண்டும். எழுதியிருந்தது அப்படி. நடந்தது வேறு. நம் ஊரில் தாழ்ப்பாள் விழுந்துச்சா என்றுதானே கேட்போம்? ஸ்கூட்டர் பூட்டு விழுந்துச்சா, கேட் கொக்கி விழுந்துச்சா. அப்படித்தான் நான் கீழேயிருந்து "ஒண்ணு விழுந்துச்சா?" என்று கேட்பேன். ஏழுமலை மேலேயிருந்து "விழுந்துச்சு!" என்பார். ரெண்டு விழுந்துச்சா, விழுந்துச்சு. மூணு, நாலு. முடிந்தது. பதினோரு மாதம் இப்படியே போயிற்று. ஒரு நாள்கூட எங்களுக்குள் சந்தேகம் வந்ததில்லை. இறங்கிப் பூட்டிக்கொண்டால் விழுந்துச்சு. வேறு எதுவும் அங்கே விழ வேண்டிய அவசியமே வரவில்லை.

டெல்லியிலிருந்து ஒரு குழு வந்தது. திட்டத்தைத் தொடரலாமா, மூடிவிடலாமா என்று பார்த்துச் சொல்ல வந்தவர்கள். கொட்டகையிலிருந்து ஹெலிகாப்டரை வெளியே தள்ளியதிலிருந்து பன்னிரண்டு நிமிடத்துக்குள் பிளேடு சுற்ற வேண்டும், அதுதான் சோதனை. நாங்கள் ஒத்திகையில் பத்தரை நிமிடத்தில் முடித்துக்கொண்டிருந்தோம். அதனால் தெனாவட்டாகவே இருந்தோம்.

அன்றைக்குக் காலையில் மழை பெய்து கப்பலைக் கழுவிக்கொண்டு போய்விட்டது.

நான் போய்ச் சேர்ந்தபோது சீஃப் ஓடுதளத்தின் நடுவில் நின்றுகொண்டு, "கப்பல் எங்கய்யா? என் கப்பல் எங்க?" என்று கத்திக்கொண்டிருந்தார். இரண்டு பேர் சுண்ணாம்பு வாளியோடு ஓடினார்கள். அவசரத்தில் வரைந்ததில் கப்பலின் முன்பக்கமும் பின்பக்கமும் மாறிவிட்டது. பைலட் வந்து இடுப்பில் கை வைத்துப் பார்த்துவிட்டு, "இது எந்தப் பக்கம் போற கப்பல்?" என்று கேட்டார். மறுபடி அழித்து, மறுபடி வரைந்தோம். குழுவின் கார் ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து திரும்பிவிட்டது என்று செய்தி வரும்போது சுண்ணாம்பு காயவே இல்லை. "கோட்டை எவனாவது மிதிச்சீங்க, தோலை உரிச்சிடுவேன்" என்றார் சீஃப்.

சோதனை ஆரம்பித்தது. வண்டியை வெளியே தள்ளினோம். ஏணி வந்தது. ஏழுமலை ஏறினார். பக்கத்தில் மின்சாரம் கொடுக்கிற டிராலி இரைந்துகொண்டிருந்தது. ஒண்ணு விழுந்துச்சா, விழுந்துச்சு. ரெண்டு, மூணு. மூன்றாவது கொஞ்சம் மக்கர் செய்தது, ஒரு நிமிடம் போயிற்று. "நாலு விழுந்துச்சா?" என்று கேட்டேன். மேலேயிருந்து குரல் வந்தது. டிக் செய்தேன். கையெழுத்துப் போட்டேன். ஏழுமலை இறங்கி ஏணியை எடுத்தார். எல்லோரும் கோட்டுக்கு வெளியே போனோம். பைலட்டைப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கினேன். இன்ஜின் சீறத் தொடங்கியது. பிளேடைப் பிடித்திருக்கும் பிரேக்கை விடுவிக்க இன்னும் அரை நிமிடம் இருந்தது.

அந்த அரை நிமிடத்தில்தான் என் காதுக்குள் அந்தக் குரல் மறுபடி கேட்டது. அவர் 'விழுந்துச்சு' என்று சொல்லவில்லை. 'விழுந்துடுச்சு' என்று சொன்னார்.

நடுவில் ஒரு 'டு'. அவ்வளவுதான். தமிழ் பேசுகிற உங்களுக்கு நான் விளக்க வேண்டாம். தட்டு விழுந்துடுச்சு, குழந்தை விழுந்துடுச்சு. கைதவறிப் போனதைச் சொல்லும்போது அந்த 'டு' தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். பின் விழுந்துடுச்சு என்றால்? உள்ளே விழுந்ததா, கீழே விழுந்ததா?

சொன்னாரா, எனக்கு அப்படிக் கேட்டதா? டிராலி இரைச்சலில் எனக்கு ஒரு மண்ணும் நிச்சயமில்லை. பூட்டு விழுந்ததற்கும் சிலர் விழுந்துடுச்சு என்று சொல்வதுண்டே? ஆனால் ஏழுமலை பதினோரு மாதத்தில் ஒருதரமாவது அப்படிச் சொல்லியிருக்கிறாரா? நினைவுக்கு வரவில்லை. திரும்பி அவரைப் பார்த்தேன். ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு, தலையைக் குனிந்து, தரையையே உற்றுப் பார்த்தபடி மெல்ல நடந்துகொண்டிருந்தார். எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறவர் அப்படித்தான் நடப்பார்.

ஐயோ, பின் கீழே விழுந்திருக்கிறது.

இரண்டு கையையும் தலைக்கு மேலே குறுக்கே வைத்து நிறுத்தச் சொன்னேன். பைலட் ஒரு விநாடி என்னை உற்றுப் பார்த்தார். இன்ஜினை அணைத்தார். சீறல் இறங்கி இறங்கி அடங்கியது. அவ்வளவு பெரிய மைதானத்தில் டிராலியின் சத்தம் மட்டும் மிச்சம்.

ஏழுமலை மறுபடி ஏறிப் பார்த்தார். அவர் பின்னாலேயே ஓர் இன்ஜினீயரும் ஏறிப் பார்த்தார். நாலு பின்னும் உள்ளே, ஒழுங்காக, இறங்கிப் பூட்டிக்கொண்டு இருந்தன.

குழுவின் தலைவருக்குத் தமிழ் தெரியாது. அவருக்கும் சீஃபுக்கும் ஆங்கிலத்தில் நடந்த பேச்சை அப்படியே தமிழில் தருகிறேன்.

"என்ன ஆயிற்று?"

"பின் விழுந்துவிட்டது என்று இன்ஸ்பெக்டர் நினைத்தார்."

"விழுந்ததா?"

"விழுந்தது சார்."

"எங்கே விழுந்தது?"

"விழ வேண்டிய இடத்தில்."

"அப்படியானால் விழவில்லை."

"இல்லை சார், விழுந்தது. விழுந்ததால்தான் சரியாக இருக்கிறது."

"சரியாக இருந்தால் ஏன் நிறுத்தினீர்கள்?"

"விழுந்துவிட்டது என்று நினைத்ததால்."

அவர் சீஃபை ஒரு தரம் பார்த்தார், என்னை ஒரு தரம் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பன்னிரண்டு நிமிடம் எப்போதோ முடிந்திருந்தது. திரும்ப ஒருமுறை செய்துகாட்டுகிறோம் என்று சீஃப் கெஞ்சினார். படப்பைப் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. குழுவுக்கு மீனம்பாக்கத்தில் விமானம். ஒரு மணி நேரத்தில் கிளம்ப வேண்டும், அதற்குள் நடந்ததற்கு எழுத்தில் காரணம் வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

நான் ஏழுமலையிடம் ஓடினேன். "நீங்க என்ன சொன்னீங்க ஏழுமலை? விழுந்துச்சுன்னா, விழுந்துடுச்சுன்னா?"

"யாருக்கு மேடம் நெனப்பு கீது? வாய்ல வந்தத சொன்னேன்."

"கீழே எதைத் தேடிட்டுப் போனீங்க?"

"நான் எத்த தேடுனேன்? சுண்ணாம்ப மிதிச்சா தோல உரிச்சிருவேன்னு அந்தாளு கத்துனாரு. கோட்டப் பாத்துகினு நடந்தேன்." அவருக்கு அப்போதுதான் விஷயம் பிடிபட்டது. முகம் மாறியது. "இன்னா மேடம் இது பேஜாரா பூச்சு? பின்னு உள்ளதான கீது?"

நிறுத்தியது சரியா? பைலட் போகிற போக்கில் என்னிடம் சொன்னார்: "சந்தேகம் வந்தா நிறுத்துங்க. நாளைக்கு வந்தாலும் நிறுத்துங்க. உள்ளே இருக்கிறது நான்." சீஃப் சொன்னார்: "சந்தேகம் வர்றதா இருந்தா கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி வரணும்." இரண்டும் நியாயமாகத்தான் பட்டது. இரண்டும் எப்படி நியாயமாக இருக்க முடியும் என்று எனக்கு அப்போதும் புரியவில்லை. இப்போதும் ராத்திரி தூக்கம் வராவிட்டால் நினைத்துப் பார்க்கிறேன், புரியவில்லை. அதனால் அதை விட்டுவிடுவோம். நான் சொல்ல வந்தது அதற்கு அடுத்த அரைமணி நேரத்தை.

சீஃப் என்னைக் கொட்டகைக்குள் கூப்பிட்டார். மேஜையில் ஒரு படிவம். "ஸ்டெல்லா, காரணம்னு ஒரு கட்டம் இருக்கு பாருங்க. அதைக் காலியா விட முடியாது."

"நடந்ததை எழுதிடுறேன் சார்."

"என்னத்தை எழுதுவீங்க? தமிழ் இலக்கணமா? ரெண்டு வரி இருக்கு அந்தக் கட்டத்துல." அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால்கூட எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "விதிமுறையில என்ன வார்த்தை இருக்கு?"

"லாக்டு."

"அந்த ஆள் அதைச் சொன்னாரா?"

"இல்ல சார்."

"அதை எழுதுங்க. பொய் இல்லையே?"

பொய் இல்லை. 'பணியாளர் விதிமுறையில் குறிப்பிட்ட சொல்லைப் பயன்படுத்தவில்லை. அதனால் குழப்பம் ஏற்பட்டது.' ஆங்கிலத்தில் எழுதினேன். ஒவ்வொரு சொல்லும் உண்மை. எழுதாமல் விட்டது ஒன்றே ஒன்று: விழுந்துச்சா என்று பதினோரு மாதமாகக் கேட்டது நான். கேள்வி என்னுடையது. அவர் பதில்தான் சொன்னார்.

ஏன் எழுதாமல் விட்டேன்? பயம்தான், வேறென்ன. அந்த நிறுவனத்தில் ஆய்வுப் பிரிவுக்கு வந்த முதல் பெண் நான். எனக்கு இன்ஸ்பெக்டர் முத்திரை கொடுத்ததே பலருக்குப் பிடிக்கவில்லை. "காது கேக்காத பொம்பளைய வெச்சா இப்படித்தான்" என்று யாரோ அதற்குள் சொல்லியும் விட்டார்கள், காதில் விழுந்தது. கட்டத்தில் இரண்டு வரிதானே இருக்கிறது, என் பங்குக்கு இடம் இல்லை என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். குழுவின் கார் கிளம்பியது. பெரிய மழை வந்து கப்பலை மறுபடி கரைத்துக்கொண்டு போயிற்று.

மூன்று வாரம் கழித்துச் சாப்பாட்டு நேரத்தில் ஏழுமலை என் மேஜைக்கு வந்தார். கையில் அலுவலகக் கவர். ஆங்கிலத்தில் எது வந்தாலும், ரேஷன் ஆபீஸ் கடிதமோ மகளின் பள்ளி நோட்டீஸோ, என்னிடம் கொண்டுவந்துதான் படிக்கச் சொல்வார். நானும் படித்துச் சொல்வேன்.

"மேடம், இத்த கொஞ்சம் படிச்சு சொல்லுங்க."

பிரித்தேன். நிரந்தரப் பட்டியலில் அவர் பெயர் இந்த முறை பரிசீலிக்கப்படவில்லை என்று ஒரு கடிதம். காரணத்துக்கு ஆதாரமாக இன்னொரு தாளின் நகலை இணைத்திருந்தார்கள். இரண்டு வரி, கீழே ஒரு கையெழுத்து.

முதல் தாளைப் படித்துச் சொன்னேன். அவர் நகரவில்லை.

"ரெண்டாவது பேப்பரு?"

"அது... ஆபீஸ் காபி ஏழுமலை. முக்கியமில்ல."

"பரவால்ல மேடம். படிங்க."

படித்தேன். அவர் சரியான வார்த்தையைச் சொல்லவில்லை, அதனால் குழப்பம் என்று தமிழில் சொன்னேன். சொல்லும்போது என் காதுக்கே அசிங்கமாக இருந்தது. "இது யாரு எழுதுனது மேடம்?" என்று கேட்டார்.

மூடி மறைக்கப் பார்த்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு விநாடி, 'தெரியல' என்று வாய்வரை வந்தது. அப்புறம், "நான்தான்" என்றேன்.

"தெரியும்" என்றார். "பதினோரு மாசமா தெனம் அட்டையில என் வேலைக்குக் கீழ நீங்க போட்ட கையெழுத்து. அது எனக்குத் தெரியாதா? இன்னா எழுதிக்கீங்கன்னுதான் தெரியல. அதான் உங்ககிட்டயே கொண்டாந்தேன்."

தாள் இரண்டையும் வாங்கி மடித்து, கவருக்குள் பதமாக வைத்துக்கொண்டு போனார். கோபமாக இரண்டு வார்த்தை திட்டிவிட்டுப் போயிருக்கலாம். எதிர்பார்த்தேன். சொல்லப்போனால் ஆசைப்பட்டேன். மேஜையில் தயிர்சாதம் அப்படியே இருந்தது. டப்பாவை மூடிவிட்டுக் கழிப்பறைக்குப் போய் அழுதேன்.

மறுநாள் காலையில் சீஃபின் முன்னால் இன்னொரு அறிக்கையை வைத்தேன். ஒரு முழுப்பக்கம். விதிமுறைச் சொல்லை முதலில் கைவிட்டது நான், கேள்வி கேட்டது நான், பணியாளர் என் கேள்விக்குப் பதில் மட்டுமே சொன்னார். சீஃப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இது மேல போனா உங்க முத்திரை போயிடும். தெரியுமா?"

"தெரியும் சார்."

"அன்னிக்கு எழுதினது உங்க கையெழுத்து. இன்னிக்கு எழுதினதும் உங்க கையெழுத்து. நான் எதைம்மா நம்புறது?"

பிள்ளைகளே, நோட்டில் எழுதிக்கொள்வதாக இருந்தால் இதை எழுதிக்கொள்ளுங்கள். இன்ஸ்பெக்டருக்குச் சொத்து என்று ஒன்று இருந்தால் அது அந்தக் கிறுக்கல்தான். தப்பு செய்யாத இன்ஸ்பெக்டர் கிடையாது. தப்பு செய்த அன்று காரணம் என்கிற கட்டத்தில் என்ன எழுதுகிறீர்கள், உங்களுடைய எந்தப் பாதியை எழுதாமல் விடுகிறீர்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. இரண்டு வரி போதாவிட்டால் ஓரத்தில் எழுதுங்கள், பின்பக்கம் எழுதுங்கள். கட்டத்துக்குள் அடங்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. நான் தேடிப் பார்த்துவிட்டேன்.

சீஃப் இரண்டு அறிக்கையையும் சேர்த்து மேலே அனுப்பினார். அது அவருடைய பெருந்தன்மை, மறைக்க மாட்டேன். என் முத்திரையைப் பிடுங்கிக்கொண்டு ஆறு மாதம் பழைய கோப்பு அறையில் போட்டார்கள். ஏழுமலையின் பெயர் அடுத்த பட்டியலில் வந்தது, ஆனால் அதற்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று. அந்த ஒரு வருடமும் அவர் மாமனார் வீட்டில்தான் இருந்தார். அந்த வருடத்தை என்னால் திருப்பிக் கொடுக்க முடியாது. குவார்ட்டர்ஸில் பால் காய்ச்சியபோது எல்லோரையும் கூப்பிட்டார். என்னையும் கூப்பிட்டார். போனேன். மகள் டம்ளரில் பால் கொண்டுவந்து கொடுத்து, இது எங்க வூடு என்று சொன்னாள். ஏழுமலை எல்லோரோடும் சிரித்துப் பேசினார், என்னோடும் பேசினார். மன்னித்துவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டே வீடு திரும்பினேன்.

குழு இரண்டாவது வாய்ப்புக் கொடுத்திருந்தது. எனக்கு முத்திரை ஏற்கெனவே திரும்பக் கிடைத்திருந்தது, பால் காய்ச்சிய அடுத்த மாதம் அதே ஓடுதளத்தில் ஒத்திகை மறுபடி தொடங்கியது. இந்த முறை பெயின்ட் வந்திருந்தது. எல்லோருக்கும் உத்தரவு: 'லாக்டு' தவிர வேறு சொல் கூடாது. ஏழுமலை ஏணியில் ஏறினார். பிளேடின் வேரில் கை வைத்துக் கண்ணை மூடினார். 'டக்'கென்று எனக்கே கேட்டது. நான் அட்டையும் பேனாவுமாக அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றேன்.

குரல் வரவில்லை.

நாலு பிளேடும் விரித்தாயிற்று. ஒரு வார்த்தை இல்லை. ஏழுமலை இறங்கி வந்து ஏணிக்குப் பக்கத்தில் ஒதுங்கி நின்றார்.

"லாக்டுன்னு சொல்லணுமே ஏழுமலை?"

"நான் ஒண்ணும் சொல்லல மேடம்" என்றார். குரலில் கோபம் இல்லை, மரியாதை கொஞ்சமும் குறையவில்லை. "நீங்களே ஏறிப் பாத்து எழுதிக்குங்க."

புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறினேன். அந்த உயரத்துக்கு நான் அதற்கு முன் ஏறியதே இல்லை. நாலு பின்னையும் ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பார்த்தேன். நாலும் சரியாக இருந்தன. கீழே குனிந்து பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. இரண்டு கையாலும் ஏணியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் இறங்கி முடிக்கும்வரை ஏணி கொஞ்சமும் ஆடவில்லை.